கைராசிக்காரர் அழுத்திய பொத்தான்

வெண்குழியில் சனிக்கிழமை காலை என்றால், எண்ணெய் தேய்ப்பதற்கு முன் எல்லோரும் தங்களை ஒருமுறை அணைத்துப் போட்டுக்கொள்வார்கள். காதுமடலுக்குப் பின்னால் விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஆள் இருந்த இடத்திலேயே சிலையாகிவிடுவார். கண் திறந்திருக்கும், மூச்சு ஓடும், மற்றபடி ஒன்றும் நடக்காது. பால் ஒரு கொதி வருவதற்குள் காதுக்குள் மணி ஒலிக்கும். விட்ட இடத்திலிருந்து வாழ்க்கையைத் தொடரலாம். பேச்சிமுத்து அண்ணாச்சி ஒருமுறை தும்ம வாயைத் திறந்த சமயத்தில் கை தவறி அணைத்துக்கொண்டார். அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றவரைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மணி ஒலித்ததும் மிச்சத் தும்மலைத் தும்மிவிட்டு, "எல்லாரும் எப்ப வந்திய?" என்று கேட்டார்.

இப்படி அணைத்துப் போடுவது செவித்துணைக்காக, வாரம் ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் அது ஒழுங்காக ஓடும். வெண்குழி இருப்பது நிலவின் தென்முனையில், வெயிலே விழாத பள்ளம் ஒன்றின் அடியில். பனிக்கட்டி வெட்டவென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் அங்கேயே குகைத்தெருக்கள் குடைந்து குடியமர்ந்துவிட்டார்கள். நிலவில் மனிதனுக்கு எடை ஆறில் ஒரு பங்குதான். சுமக்க வேலையில்லை என்று தெரிந்தால் எலும்பு தன்னைத்தானே கரைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால் காதுக்குப் பின்னால், புளியங்கொட்டையில் பாதியளவுக்கு, செவித்துணை என்ற ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள். அது ஓயாமல் சிறு துடிப்புகளை அனுப்பி, 'நீ இன்னும் பூமியில்தான் இருக்கிறாய், ஒழுங்காகச் சும' என்று எலும்புகளிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். மிச்ச நேரத்தில் மாத்திரை, சாப்பாடு, காற்றுத்தொட்டி என்று எல்லாவற்றையும் நினைவூட்டும்.

அந்தக் கருவிக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஏழாம் இயங்குதளம். அதன் ஆயுள் முடிந்துவிட்டது. எட்டாம் தளத்தை நிறுவச் சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் மணி ஒலித்ததும் கேட்டது. மூன்றாம் குகைத்தெருவில் எல்லோரும் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுச் சீயக்காயைத் தேடிப் போனார்கள்.

செண்பகவடிவும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் அவள் வெளியிட்டதில்லை.

அவள் கணவர் கோமதிநாயகம் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் காலையில் அவள் கண் விழித்ததும் வலது காதுக்குள் அவர் குரல் கேட்கும்: "ஏட்டி வடிவு, மாத்திரை போட்டியா? வாயால சொல்லாத. போட்டுட்டுச் சொல்லு." செவித்துணைதான் அப்படிப் பேசியது. அவர் உயிரோடு இருந்தவரை பக்கத்துக் கட்டிலிலிருந்தும் காதுக்குள்ளிருந்தும் இரண்டு கோமதிநாயகங்கள் ஒரே சமயத்தில் அவளை விரட்டினார்கள். இரண்டு பேரையும் ஒரே திட்டில் அடக்குவாள். இப்போது ஒருவர்தான் மிச்சம். தனக்காகவே எப்போதோ ரகசியமாகப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். இதைப் போய் வெளியே சொல்ல முடியுமா? பாவம், புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

எட்டாம் தளத்தை நிறுவினால் இந்தக் குரல் இருக்குமா, போய்விடுமா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

பூமியிலிருந்து நப்பின்னை வந்து இறங்கியது இந்தச் சமயத்தில். இயங்குதளம் செய்யும் நிறுவனத்தில் எளிமைப் பிரிவு என்று ஒன்று உண்டு. பழக்கமில்லாதவர்களும் தாங்களே நிறுவிக்கொள்ளும்படி எல்லாவற்றையும் சுலபமாக்குவது அதன் வேலை. அங்கே செயற்கைப் புதியவர் என்று சில இயந்திரங்கள் இருந்தன. ஒன்றுமே தெரியாததுபோல நடிப்பதற்கென்று செய்தவை. வருடக்கணக்கில் நடித்து அவை தேறிவிட்டன. எந்த இடத்தில் தடுமாறப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிக்கையாகக் கொடுக்க ஆரம்பித்ததும் நப்பின்னை வெறுத்துப்போனாள். அவளுக்கு ஓர் அசல் புதியவர் தேவைப்பட்டார்.

"அறுபது வீடு இருக்குதுங்கம்மா இந்தத் தெருவுல. ஒரு வீட்லயும் இன்னும் போடலீங்க," என்றாள் முதல் நாள், வடிவு கொடுத்த காபியை ஊதியபடி. கோயம்புத்தூர்க்காரி. "கேட்டா எல்லாரும் உங்க வீட்டைக் கைகாட்டறாங்க. முதல்ல அங்க ஆகட்டும்ங்கறாங்க. ஏனுங்க அப்படி?"

"அது அப்படித்தான் தாயி," என்றாள் வடிவு. நப்பின்னை நீட்டிய நிறுவுபலகையை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்தாள், பிறகு தள்ளி வைத்தாள். "எழுத்து பொடிப்பொடியா இருக்கே. கண்ணு பிடிக்கல."

நப்பின்னை முகம் மலர்ந்துவிட்டது. நிஜத் தடுமாற்றம். ஓட்டமாகப் போய், பலகை நிறைய ஒரே வார்த்தை என்று எழுத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தாள்.

"இப்பத் தெரியுது. ஆனா இம்புட்டுக் கேள்வி கேக்கே? பிறந்த ஊரு, ரத்த வகை, தூங்குத பக்கம். என்னைப் பொண்ணு பாக்க வந்தவுகளே இதுல பாதிதான் கேட்டாக."

கேள்விகள் போயின. வடிவு அடுத்ததாக, எந்தப் பொத்தானை அமுக்க என்று தெரியவில்லை என்றாள். இருந்த பொத்தான்களில் ஒன்று மட்டும் மிஞ்சியது, இட்லி அளவில். அப்புறம் ராகுகாலம் வந்தது. நிலவின் தென்முனையில் சூரியன் எழுவதுமில்லை, விழுவதுமில்லை, அடிவானத்தின் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வெண்குழியில் ராகுகாலத்தைத் திருநெல்வேலிக் கடிகாரப்படி பார்ப்பது வழக்கம். நப்பின்னை அதையும் பலகைக்குள் சேர்த்தாள். ராகுகாலத்தில் பொத்தான் தானாகவே மங்கிப்போகும்.

இப்படியாக, ஒரு பெண்மணியின் சாக்குப்போக்குகளால் எட்டாம் இயங்குதளம் நாளுக்கு நாள் சுலபமாகிக்கொண்டே போனது. பூமியிலிருந்து நப்பின்னைக்குப் பாராட்டுக்கூட வந்தது.

ஒருநாள் வடிவு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தாள். "பழசெல்லாம் அப்படியே இருக்குமா தாயி, இதைப் போட்டா?"

"சேச்சே. அந்தக் கவலையே வேண்டாமுங்க," என்றாள் நப்பின்னை பெருமையாக. "பழைய குப்பை ஒண்ணு மிச்சம் இருக்காது. சுத்தமாத் தொடச்சு விட்ருமுங்க."

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். கைவசம் ஒரே ஒரு சாக்குதான் பாக்கி இருந்தது. அது சாக்கு மட்டுமல்ல, உண்மையும்கூட.

"எனக்குக் கைராசி கிடையாது. எங்க வீட்டுல இதெல்லாம் அவுகதான் அமுக்குவாக."

கைராசி என்றால் நப்பின்னைக்கும் தெரியும், விதைக்கிறவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அது உண்டு என்று. இயங்குதளம் நிறுவுவதற்கும் உண்டு என்பது புதிது. வடிவு விளக்கினாள். இரண்டாம் இயங்குதளம் வந்தபோது அவரவர் தாங்களாகவே நிறுவிக்கொண்டார்கள். தெருவில் மற்ற எல்லோரும் ஒரு மாதம் இடப்பக்கமாகச் சாய்ந்தே நடந்தார்கள். கோமதிநாயகம் ஒருவர்தான் நேராக நடந்தார். அவ்வளவுதான், மூன்றாம் இயங்குதளம் வந்த அன்று தெருவே அவர் வாசலில் வந்து நின்றது. அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பலகையிலும் வரிசையாக அழுத்தினார். ஒருவர்கூடச் சாயவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுத் தளத்துக்கும் அவர் விரல்தான்.

"அவர் விதிமுறை எல்லாம் படிச்சுப் பார்ப்பாருங்களா?"

"படிச்சா பயம் வரும்பாக. படிக்காம அமுக்குதவனுக்குத்தான் கை நடுங்காதும்பாக."

நப்பின்னை சிந்தனையோடு போனாள். அடுத்த தடவை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"உங்களுக்குப் பயம், கூட ஆள் இல்லைன்னுதானுங்க? துணைக்கு ஒரு குரல் போட்டுட்டேன். இந்த ஊர்க்காரங்க யார் சொன்னா உடனே கேட்கறாங்கன்னு செவித்துணைப் பதிவுகள்ல தேடச் சொன்னேனுங்க. ஒரே ஒரு குரலுக்குத்தான் அத்தனை பேரும் கட்டுப்படறாங்க. யாருன்னு தெரியல, எண்தான் இருந்துச்சு. நீங்களே கேளுங்க."

பலகை பேசியது.

"பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. மெதுவா, அந்தப் பொத்தானை அமுக்குங்க."

வடிவு பலகையைக் காதருகே கொண்டுபோனாள். கோமதிநாயகம்தான். ஆனால் அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது? வாழ்ந்த காலத்தில் அவளிடம் ஒருநாளும் அவர் மெதுவாக எதையும் சொன்னதில்லை.

"இது எங்க வீட்டு அவுக குரல்."

நப்பின்னை அவசரமாகப் பதிவுகளைப் புரட்டினாள். மூன்றாம் இயங்குதளத்தின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. மனிதன் அடுத்தவர் சொன்னால் கேட்க மாட்டான், தன் குரல் சொன்னால் கேட்பான் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். ஆகவே, யார் விரல் சம்மதம் என்று அழுத்துகிறதோ, அவர் குரலிலேயே அந்தச் செவித்துணை பேசும். அதற்குப் பின்னால் வந்த தளங்களும் அதையே தொடர்ந்துவிட்டன.

"அறுபது வீட்டுக்கும் அழுத்தினது ஒரே விரலுங்கம்மா," என்றாள் நப்பின்னை.

வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். பேச்சிமுத்து அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்தை அண்ணன் என்று கூப்பிட்டவள், வடிவை மதினி என்பாள்.

"ஆவுடை, உன் காதுக்குள்ள பேசுதது யாரு?"

ஆவுடையம்மாள் கையை மாவிலேயே விட்டுவிட்டாள். "உக்காரு மதினி."

"உக்காரல. சொல்லு."

"அண்ணன்தான்." பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பால் பொங்குது தங்கச்சின்னு சொல்லும். இவுகளுக்குப் பல்லு விளக்கலையா மாப்ளைன்னு. கோயில் பூசாரிக்குக்கூட அண்ணன்தான், நடை சாத்தியாச்சா சாமின்னு."

"எத்தனை வருசமா?"

"அது மூணாம் தளத்துல இருந்தே. அண்ணன்தான் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக. வடிவுக்குத் தெரிஞ்சா, தெரு பூரா பொம்பளைகளை எழுப்பி விடுதீரோன்னு கேப்பா, எனக்குச் சோறு கிடைக்காதுன்னாக. அப்புறம் அவுக போயிட்டாக. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்ல?" கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள். "புதுசு போட்டா அண்ணன் குரல் போயிருமேன்னுதான் மதினி நாங்களும் போடாம இருக்கோம். ஆனா நீயே அவுக குரல் இல்லாம இருக்கியே, எங்களுக்கு மட்டும் கேக்குதேன்னு, எங்களுக்குக் குத்தமா இருக்கும்."

உள்ளேயிருந்து பேச்சிமுத்து அண்ணாச்சி குரல் வந்தது. "உண்மைதான். அவரு சொல்லாம இன்னைக்கு வரைக்கும் நான் பல்லு விளக்குனதில்ல."

இந்தத் தெருவில் வருடக்கணக்காக அறுபது வீடுகள் வடிவிடம் மறைத்திருக்கின்றன. வடிவு அறுபது வீடுகளிடமும் மறைத்திருக்கிறாள். எல்லோரும் ஒரே ஆளைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வடிவுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நேராகக் குறைகேட்பானிடம் போனாள்.

குறைகேட்பான் என்பது தெருமுனையில் நிற்கும் இயந்திரம். ஆள் உயரம், காது மட்டும் ரொம்பப் பெரிது. குடியிருப்பாளர்கள் மனம் இளகட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள்.

"வணக்கம். தங்கள் குறையைக் கேட்கும் முன், குறை கூறுவதற்கான விதிகளை வாசிக்க வேண்டும்," என்றது. அதன் மார்பில் எழுத்துகள் கீழிருந்து மேலாக ஊரத் தொடங்கின. ஊர்ந்துகொண்டே இருந்தன.

"சரி, சரி."

"முழுவதும் படித்துவிட்டீர்களா?"

"படிச்சாச்சு, படிச்சாச்சு. மேல ஆகட்டும்," என்றாள் வடிவு. முதல் வரியைக்கூட அவள் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் அன்று பொறுமை இல்லை.

"கூறுங்கள்."

"எங்க வீட்டு மனுசன் குரல் எனக்கு மட்டும்தான் வேணும். மத்த வீட்டுல இருந்தெல்லாம் எடுத்துருங்க." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக அவரைத் திட்ட ஆள் இல்லாமல் வாய் துருவேறிக் கிடந்தது. "என்னத்தையாவது ஒண்ணைப் படிச்சுப் பாத்து அமுக்கியிருக்காகளா? விரலைத் துடைக்க வேண்டியது, அமுக்க வேண்டியது. கல்யாணத்துலயும் அப்படித்தான், தாலியைக் கட்டிட்டு அப்புறம்தான் பொண்ணு பேரைக் கேட்டாக. மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியான்னு என் உயிரை வாங்குவாக. போட்டாச்சு, போட்டாச்சுன்னு நான் தொண்டை கிழியக் கத்தணும். ஒருநாள் நம்புனதில்ல. ஊர் விரலை எல்லாம் தன் விரலா நினைச்சு அமுக்கிட்டு, பொத்துனாப்புல போய்ச் சேந்துட்டாக. இப்ப நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

குறைகேட்பான் பெரிய காதைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டது. "பதிவாயிற்று. மிக்க நன்றி," என்றது.

பதில் வரும்வரை வடிவு மாவு அரைத்தாள், துணி மடித்தாள், இரண்டு தடவை ஆவுடையம்மாளோடு பேசாமல் இருந்து இரண்டு தடவையும் தோற்றாள். அதற்குள் ஏழாம் தளத்தின் துடிப்பு தளர ஆரம்பித்தது. தெருவில் எல்லோருக்கும் மூட்டு நோவு. பூசாரிக்குத் தீபாராதனை காட்டும்போது மணிக்கட்டு பிசகிவிட்டது. இனி யாராலும் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்ல முடியாது.

நப்பின்னை பலகையோடு வந்தபோது வாசலில் தெருவே நின்றது, ஆளாளுக்கு ஒரு கைத்தடியோடு.

"உங்க குறைக்குத் தீர்ப்பு வந்திருச்சுங்கம்மா. ஒப்பந்தப்படி ஐயா குரலை எடுக்க முடியாதாமுங்க. அதனால எட்டாம் தளத்துலயும் அது அப்படியே இருக்கும். எல்லாருக்கும்."

தெரு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. பேச்சிமுத்து அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு?"

"உங்களுக்குந்தானுங்க. பழைய மாதிரியே, அந்த ஏட்டியோட. அமுக்குங்கம்மா."

வடிவு கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள். அவள் விரல் பலகையைத் தொடுவதற்குள் அது பேச ஆரம்பித்தது.

"விதியெல்லாம் முழுசாப் படிச்சீங்களா?" என்றது கோமதிநாயகத்தின் குரல்.

"படிச்சாச்சு, படிச்சாச்சு. மேல ஆகட்டும்," என்றது வடிவின் குரல்.

வடிவு வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. பலகையில் பொத்தான் தானாக அமுங்கி, பச்சையாகி, மறைந்தது.

"நான் எங்க படிச்சேன்? இன்னும் ஒரு வரி பாக்கலையே."

"குறைகேட்பான் விதியில ஒண்ணு இருந்துச்சுங்கம்மா," என்றாள் நப்பின்னை, கொஞ்சம் தயங்கி. "குறை சொல்றவங்க குரலை எங்க வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம்னு. நீங்கதான் படிச்சாச்சுன்னீங்க. அதைக் கேட்டதும் பூமியில எல்லாருக்கும் ஒரே சந்தோசமுங்க. நாங்க எழுத்தைக் குறைச்சோம், கேள்வியைக் குறைச்சோம், பொத்தானைக் குறைச்சோம். ஒரு சிரமம் மட்டும் பாக்கி இருந்துச்சு. படிக்காமலேயே படிச்சேன்னு ஒவ்வொருத்தரும் வாய்விட்டுப் பொய் சொல்ல வேண்டியிருந்துச்சு. இப்ப அதையும் நீங்களே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடறீங்க. இதுக்கு மேல எளிமையாக்க முடியாதுங்க."

அதற்குள் தெரு முழுக்கப் பலகைகள் பேச ஆரம்பித்துவிட்டன. படிச்சீங்களா, படிச்சாச்சு, படிச்சீங்களா, படிச்சாச்சு என்று ஒரு கல்யாண வீட்டுச் சத்தம். யாரும் எதையும் படிக்கவில்லை. பேச்சிமுத்து அண்ணாச்சி மட்டும், கோமதிநாயகமும் வடிவும் பேசிக்கொள்வதை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று, எட்டாம் தளத்தின் மேலேயே எட்டாம் தளத்தை மறுபடி நிறுவிக்கொண்டார். ஒவ்வொருவராக நின்ற இடத்தில் சிலையானார்கள். வடிவும் ஆனாள்.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"ஏட்டி வடிவு, மாத்திரை போட்டியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"போட்டாச்சு, போட்டாச்சு," என்றது அதே காதுக்குள் அவள் குரல்.

"சரிட்டி," என்றார் கோமதிநாயகம். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக நம்பிவிட்டார். அடுத்ததாகக் காற்றுத்தொட்டியைப் பற்றிக் கேட்டார். அதற்கும் அவள் நிறைத்தாச்சு என்றாள். இரண்டு பேரும் ஒரு சண்டையும் இல்லாமல், அந்த நாளின் வேலைகளை எல்லாம் வரிசையாகப் பேசி முடித்துக்கொண்டே போனார்கள்.

மாத்திரை உள்ளங்கையில் வேர்வை பட்டு ஒட்டிக்கொண்டது.

"அவ பொய் சொல்லுதா," என்றாள் வடிவு, காலியான அறையைப் பார்த்து. "நம்பாதீங்க."